கோட்டையிலிருந்து ஏற்காடு வரை: பொது நிர்வாக முதுகலை என்றால் என்ன?

அக்கா மகள் இந்த ஆண்டு பி.எஸ்சி. கணிதம் முடித்தாள். போன ஞாயிற்றுக்கிழமை சேலம் அம்மாப்பேட்டை வீட்டுக்கு வந்தவள், "சித்தி, எம்.ஏ. பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன்னு ஒண்ணு இருக்காமே, அது கலெக்டர் ஆகிறதுக்குப் படிக்கிறதா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "அதைப் படிச்சா வேலை கிடைக்குமான்னு முதல்ல கேளுடி" என்றாள். நான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகத்தில் அந்த முதுகலையைப் படித்த காலத்திலேயே உறவுக்காரர்கள் எல்லோரும் என்னிடம் கேட்ட கேள்விகள்தான் இவை. இரண்டுக்கும் பதில் உண்டு. ஆனால் பாடம் எதைப் பற்றியது என்று தெரிந்துகொள்ளாமல் அந்தப் பதில்களைக் கேட்டுப் பயனில்லை. அவளுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஏற்காட்டைத் தாண்டி ஒரு மலைக் கிராமம் என்று வைத்துக்கொள்வோம். மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த ஒரு தாய். மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான், கல்லூரியில் சேரச் சாதிச் சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு இந்தச் சான்றிதழை வட்டாட்சியரே கொடுத்துவிடுவார். பழங்குடியினருக்கு அப்படியில்லை. அவருக்கு மேலே இருக்கும் வருவாய்க் கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். வட்டாட்சியர் அலுவலகம் ஏற்காட்டிலேயே இருக்கிறது. கோட்டாட்சியர் அலுவலகம் கீழே சேலத்தில். இடையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். இப்போது இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்தான். ஆனால் விசாரணைக்கு வா என்று கூப்பிட்டுவிட்டால், தாத்தா காலத்துக் காகிதம் ஏதாவது இருந்தால் கொண்டு வா என்று சொல்லிவிட்டால், அந்த அம்மாள் இருப்பதையெல்லாம் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்து ஏறித்தான் ஆக வேண்டும்.

இதில் யார்மேல் குற்றம் சொல்வது? விதி போட்டவர்கள் கெட்ட எண்ணத்தில் போடவில்லை. வேறு சமூகத்தார் போலிச் சான்றிதழ் வாங்கிப் பழங்குடி மக்களுக்கான இடத்தைத் தட்டிப் பறித்துவிடக் கூடாது என்றுதான் அதிகாரத்தை ஒரு படி மேலே வைத்தார்கள். ஆவணம் கேட்கிற அதிகாரியும் தன் கடமையைத்தான் செய்கிறார். எல்லோரும் அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்தும், யாரைக் காப்பாற்ற அந்த விதி வந்ததோ அவர் தலையிலேயே அதன் பாரம் இறங்குகிறது. ஏன் இப்படி ஆகிறது? எந்த இடத்தில் எதை மாற்றினால் போலியும் நுழையாமல், இந்த அம்மாளும் அலையாமல் இருக்க முடியும்? பொது நிர்வாகம் என்ற பாடம் கேட்பது இந்தக் கேள்விகளைத்தான். அரசு ஒரு முடிவு எடுக்கிறது. அது ஒரு ஆளின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். நடுவில் இருக்கும் அந்தப் பாதையை வளைவு வளைவாகப் பார்க்கிற படிப்பு இது.

அரசியல் அறிவியலும் இதுவும் ஒன்றா என்று கேட்பார்கள். அண்ணன் தம்பி மாதிரி. யார் ஆள வேண்டும், எந்த அதிகாரம் யாருக்கு என்று கேட்பது அரசியல் அறிவியல். சரி, ஆளத் தொடங்கியாகிவிட்டது, இனி வேலை எப்படி நடக்கும் என்று கேட்பது பொது நிர்வாகம். 1887-ஆம் ஆண்டு உட்ரோ வில்சன் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து இந்தப் பாடத்தின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். அப்போது அவர் ஒரு கல்லூரி ஆசிரியர். அமெரிக்காவின் குடியரசுத் தலைவரானது பின்னாளில். அரசியலமைப்பை எழுதுவதைவிட அதை நடத்துவது கடினமாகிக்கொண்டு வருகிறது, ஆகவே நடத்துவதைத் தனியாகப் படிக்க வேண்டும் என்பது அவர் வாதம். அரசியல் வேறு, நிர்வாகம் வேறு என்று அவர் கிழித்த கோடு அவ்வளவு சுத்தமாக நிற்காது என்பதைப் பின்னால் வந்தவர்கள் எடுத்துக்காட்டினார்கள். அந்தச் சண்டையே ஒரு பருவத்துக்குப் பாடமாக வரும். ஆனாலும் கோடு கிழித்தவர் என்ற மரியாதை அவருக்கு உண்டு.

நகரப் பல்கலைக்கழகத்தில் இதைப் படிப்பது நல்லது என்று நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் இந்தப் பாடத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. 1906-இல் நியூயார்க் நகரத்தில் நகராட்சி ஆய்வுக்கென்று ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். நகராட்சி பணத்தை எதற்குச் செலவழிக்கிறது, வேலை உண்மையிலேயே நடந்ததா என்று நேரில் போய்ப் பார்த்துக் கணக்கெடுப்பதுதான் அவர்கள் வேலை. 1911-இல் அங்கேயே பொதுப்பணிக்கான பயிற்சிப் பள்ளி ஒன்றை ஆரம்பித்தார்கள். 1924-இல் அந்தப் பள்ளி சிரக்யூஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்து, அமெரிக்காவின் பேர்பெற்ற பொது நிர்வாகப் பள்ளியாக வளர்ந்தது. ஆக, இந்தப் படிப்பு ஏட்டிலிருந்து தெருவுக்கு இறங்கவில்லை. தெருவிலிருந்துதான் ஏட்டுக்குப் போயிருக்கிறது.

சேலத்துக்காரர்களுக்கு இந்தப் பாடத்தில் ஒரு தனி உரிமை உண்டு என்று நான் நினைக்கிறேன். 1937-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு சென்னை மாகாணத்தின் பிரதமரானார் (முதலமைச்சரை அன்று அப்படித்தான் சொல்வார்கள்) ராஜாஜி. 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சியின் தலைவராக இருந்தவர். மதுவிலக்கைக் கொண்டுவர முடிவு செய்தபோது மாகாணம் முழுவதும் ஒரே நாளில் அறிவிக்கவில்லை. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மட்டும் தொடங்கினார். இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அன்றைக்குச் சேலம் மாவட்டம்தான். அடுத்த ஆண்டு சித்தூருக்கும் கடப்பாவுக்கும் விரித்தார்கள்.

அதே 1937-இல் அமெரிக்காவில் லூதர் குலிக் என்பவர், நிர்வாகி செய்கிற வேலைகள் என்னென்ன என்று ஏழாகப் பிரித்து எழுதினார். அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து 'போஸ்ட்கார்ப்' என்று ஒரு சொல்லே உருவாக்கினார். திட்டமிடல், அமைப்பை ஏற்படுத்தல், ஆள் அமர்த்தல், வழிநடத்தல், ஒருங்கிணைத்தல், தகவல் தெரிவித்தல், வரவுசெலவு. முதல் பருவத்தில் எல்லா மாணவர்களும் இதை மனப்பாடம் செய்வார்கள். நானும் செய்தேன். மனப்பாடம் செய்தால் ஒரு வாரத்தில் மறந்துவிடும். சேலத்து மதுவிலக்கின் மேல் வைத்துப் பார்த்தால் மறக்காது.

பாருங்கள். ஏன் முதலில் ஒரே மாவட்டம்? அது திட்டமிடல். கடைகளை மூடியபின் கண்காணிக்க யார், காவல்துறையா வருவாய்த்துறையா? அது அமைப்பு. ஓசூர்ப் பக்கம் எல்லையைத் தாண்டினால் மைசூர் சமஸ்தானம். அங்கே சட்டம் வேறு. எல்லைக்கு எத்தனை பேரை நிறுத்துவது? அது ஆள் அமர்த்தல். கள் இறக்கிப் பிழைத்தவர்களுக்கு என்ன வழி என்று பார்ப்பது ஒரு துறையின் வேலை இல்லை, பல துறைகள் கூடிச் செய்ய வேண்டியது. அது ஒருங்கிணைத்தல். எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி வரவுசெலவு. கள், சாராயக் கடைகளிலிருந்து வந்த வருவாய் மாகாணத்துக்கு ஒரு பெரிய தூண். அதை எடுத்துவிட்டால் பள்ளிக்கூடத்துக்கும் சாலைக்கும் பணம் எங்கே? அந்தக் குழியை நிரப்ப 1939-இல் சென்னை மாகாணம் பொது விற்பனை வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இந்தியாவில் பொது விற்பனை வரி வந்த கதை இதுதான். சாராயக் கடையை மூடியதற்கும் மளிகைக் கடையில் வரி கட்டியதற்கும் நடுவே நேர்க்கோடு ஒன்று ஓடுகிறது என்பதை முதன்முதலில் வகுப்பில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம்ம ஊர் ஒரு பாடப் பகுதியாக நிற்கிறதே என்று.

சென்னைப் பல்கலைக்கழகம் பொது நிர்வாகத்தில் பட்டயப் படிப்பு தொடங்கியதும் அதே 1937-இல்தான். மூன்றும் ஒரே ஆண்டில் வந்தது தற்செயல். ஆனால் நினைவில் வைத்துக்கொள்ள நல்ல கொக்கி. அப்புறம் 1949-இல் நாக்பூர் பல்கலைக்கழகத்தில் தனித்துறை வந்தது. 1953-இல் பால் ஆப்பிள்பி என்ற அமெரிக்க அறிஞர் இந்திய நிர்வாகத்தைப் பார்த்துவிட்டு ஒரு அறிக்கை கொடுத்தார். அதன் பயனாக 1954-இல் தில்லியில் இந்தியப் பொது நிர்வாக நிறுவனம் ஏற்பட்டது.

இனி கோட்பாடுகள். இந்தச் சொல்லைக் கேட்டதும் பயப்பட வேண்டாம். நம் ஊர் அனுபவத்தில் ஏற்கெனவே இருப்பவற்றுக்குத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

மாக்ஸ் வேபர் என்ற ஜெர்மானியர் அதிகார வர்க்கத்தைப் பற்றி எழுதியதை எடுத்துக்கொள்வோம். பதவி வேறு, அதில் உட்காரும் ஆள் வேறு. தகுதி பார்த்து ஆள் எடுக்க வேண்டும், பிறப்பைப் பார்த்து அல்ல. எழுதிய விதிப்படி நடக்க வேண்டும், எழுத்தில் பதிவு இருக்க வேண்டும். நவீன அலுவலகம் பழைய முறையிலிருந்து இப்படித்தான் வேறுபடுகிறது என்றார். இது புத்தகத்தில் படிக்கும்போது வறட்டுத்தனமாகத் தெரியும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கர்ணம், மணியக்காரர் காலத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஊர்க் கணக்கு ஒரு குடும்பத்தின் கையில், தகப்பனுக்குப் பின் மகன் என்று இருந்தது. சிட்டா வேண்டுமென்றால் அந்தத் திண்ணையில் போய் நிற்க வேண்டும். யார் திண்ணை வரை போகலாம், யார் வாசலோடு நிற்க வேண்டும் என்பதும் சாதிப்படிதான். 1980-இல் தமிழ்நாடு அரசு அந்தப் பதவிகளை ஒழித்தது. அவற்றின் இடத்தில் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். இன்று அந்த வேலைக்குத் தேர்வாணையத் தேர்வு எழுதி யாரும் வரலாம். வி.ஏ.ஓ. ஆபீஸில் காக்க வைக்கிறார்கள் என்று நாம் இன்றைக்குக் குறை சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் திண்ணையிலிருந்து ஆபீஸுக்கு வந்தது எவ்வளவு பெரிய தூரம் என்று வேபரைப் படித்தபின்தான் எனக்கு உறைத்தது. கோப்பு என்பது வெறும் தடை இல்லை. எளியவருக்கு அது ஒரு காவலும்கூட.

மைக்கேல் லிப்ஸ்கி என்பவரின் கருத்து இன்னும் நெருக்கமானது. பயனாளியை நேருக்கு நேர் பார்க்கும் கடைநிலை ஊழியர், அதாவது ஆசிரியர், போலீஸ்காரர், மருத்துவமனைச் சீட்டு கொடுப்பவர், இவர்கள் எடுக்கும் சின்னச் சின்ன முடிவுகளே மக்களுக்கு அரசின் கொள்கையாக வந்து சேர்கின்றன என்றார். சட்டசபையில் எது நிறைவேறினாலும் சரி, ரேஷன் கடை ஜன்னலில் "இன்னைக்கு சர்வர் இல்ல, நாளைக்கு வாங்க" என்று சொல்கிறவர்தான் அந்தப் பாட்டிக்கு அரசாங்கம். அவரை வில்லனாக்கிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. வரிசையில் ஆட்கள் அதிகம், கையில் நேரம் குறைவு, விதிகளோ ஒன்றோடொன்று மோதும். ஏதோ ஒரு குறுக்கு வழியில்தான் அன்றைய பொழுதை அவர் ஓட்ட முடியும். அந்தக் குறுக்கு வழி யாரைக் கைவிடுகிறது என்று பார்ப்பது மாணவர் வேலை.

எனக்கு மிகப் பிடித்தவர் ஹெர்பர்ட் சைமன். 1978-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வாங்கியவர். அவருடைய சிந்தனை எங்கே தொடங்கியது தெரியுமா? சிகாகோ பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, 1930-களில், தன் சொந்த ஊரான மில்வாக்கிக்குத் திரும்பிப் போய், அங்கே சிறுவர் விளையாட்டுத் திடல்களுக்குப் பணம் ஒதுக்குவது எப்படி என்று ஆராய்ந்தார். பள்ளி வாரியம் ஒரு பக்கம், நகரப் பொதுப்பணித் துறை மறுபக்கம். பிள்ளைகளோடு இருந்து விளையாட வைக்க ஆள் போடுங்கள் என்றது ஒரு தரப்பு. திடலைப் பராமரிக்கச் செலவழியுங்கள் என்றது இன்னொன்று. எல்லா வாய்ப்பையும் எடைபோட்டு ஆகச் சிறந்ததை யாருமே தேர்ந்தெடுக்கவில்லை. அவரவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாரோ அங்கிருந்து தெரிந்ததை வைத்து, போதும் என்று பட்டதை முடிவு செய்தார்கள். மனிதர்களின் பகுத்தறிவுக்கு எல்லை உண்டு என்ற சைமனின் பெரிய கருத்துக்கு விதை அந்தத் திடல்தான். சொந்த ஊர்ப் பூங்காவைக் கூர்ந்து பார்த்ததில் விழுந்த விதை. இதை அக்கா மகளிடம் சொன்னபோது அவள், "அப்ப நம்ம கார்ப்பரேஷன் பார்க்கைப் பத்திக்கூட எழுதலாமா?" என்றாள். தாராளமாக எழுதலாம்.

பாடத்திட்டத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பொதுவாக இரண்டு ஆண்டு. பெரும்பாலான இடங்களில் எந்த இளங்கலைப் பட்டமும் போதும், கணிதம் படித்தவர் வருவது நல்லதும்கூட. நிர்வாகக் கோட்பாடு, இந்திய நிர்வாகம், பணியாளர் நிர்வாகம், நிதி நிர்வாகம், பொதுக் கொள்கை, உள்ளாட்சி, ஆய்வு முறை, கடைசியில் ஒரு ஆய்வேடு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரசியல் மற்றும் பொது நிர்வாகத் துறை இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்க இக்னோ என்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்பு இருக்கிறது.

தொலைநிலையில் படிப்பது தாழ்வில்லை. ஆனால் முடிந்தால் நகரத்தில் தங்கிப் படியுங்கள். சேப்பாக்கம் வளாகத்திலிருந்து அதே கடற்கரைச் சாலையில் கொஞ்சம் நடந்தால் எழிலகம், வருவாய் நிர்வாக ஆணையர் அலுவலகம் அங்கேதான். எதிர்ப்பக்கம் வடக்கே போனால் கோட்டை, தலைமைச் செயலகம். காலையில் வகுப்பில் கேட்ட சொல்லை மதியம் நேரில் பார்க்கலாம். சேலத்தில் இருப்பவருக்கும் குறையில்லை. 1994-இல் மாநகராட்சியான ஊர் இது. சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி என்று நான்கு மண்டலங்கள், அறுபது வார்டுகள். அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் நகராட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்று பன்னிரண்டாம் அட்டவணையில் 18 வேலைகளைச் சொல்கிறது. அதில் தீயணைப்பும் உண்டு. தமிழ்நாட்டிலோ தீயணைப்பு மாநில அரசுத் துறை. குடிநீரும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் மேட்டூரிலிருந்து தண்ணீர் நம் வீட்டுக் குழாய்க்கு வருவதற்குள் அணைக்கு ஒரு துறை, மோட்டார் ஓட மின்வாரியம், தெருவுக்கு மாநகராட்சி என்று பல கை மாறுகிறது. புதிதாகத் தார் போட்ட சாலையை மறு மாதமே குழாய்க்காகத் தோண்டுவதைப் பார்த்து எரிச்சல்படாதவர் யார்? அந்த எரிச்சலைக் கேள்வியாக மாற்றிக் கொடுப்பதுதான் ஒருங்கிணைத்தல் என்ற பாடம்.

இப்போது அந்த இரண்டு கேள்விகள். இது கலெக்டர் ஆகிற படிப்பா? இல்லை. குடிமைப் பணித் தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும், குரூப் 1-க்கும் அப்படித்தான். முதன்மைத் தேர்வில் பொது நிர்வாகத்தை விருப்பப் பாடமாக எடுக்கலாம், இரண்டு தாள், 500 மதிப்பெண். அதற்கு உதவும். ஆனால் தேர்வுக்காக மட்டும் இரண்டு ஆண்டைக் கொடுக்காதீர்கள். தேர்வில் தோற்றால் படிப்பே வீணானதாகத் தோன்றிவிடும். அந்த வருத்தத்தை நான் நெருங்கிய தோழிகளிடம் பார்த்திருக்கிறேன். வேலை கிடைக்குமா? பொறியியல் மாதிரி வளாகத்துக்கு வந்து அள்ளிக்கொண்டு போக மாட்டார்கள். தகுதித் தேர்வு எழுதி ஆசிரியர் வேலை, கொள்கை ஆய்வு நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள், அரசுத் திட்டங்களைக் கண்காணிக்கும் பணிகள் என்று வழிகள் உண்டு. தேடிப் போக வேண்டும். ஏற்கெனவே அரசு வேலையில் இருப்பவர் படித்தால் தன் மேசையே அவருக்குப் புதிதாகத் தெரியும்.

இதையெல்லாம் வாயால் சொல்லிப் போதாது என்று, அன்று சாயங்காலம் ஒரு அரசாணையை அச்சிட்டு எடுத்து அவள் முன்னால் விரித்தேன். சேர்வதற்கு முன் யாரும் செய்து பார்க்கலாம், அரசின் இணையதளத்தில் கிடைக்கும். மேலே 'சுருக்கம்' என்று ஒரு பத்தி, 'ஆணை வெளியிடப்படுகிறது' என்று முடியும். அடுத்து துறையின் பெயர், எண், நாள், கூடவே திருவள்ளுவர் ஆண்டு. பிறகு 'படிக்கப்பட்டவை' என்று ஒரு பட்டியல். முந்தைய ஆணைகள், ஆணையரின் கடிதங்கள். இதை எல்லோரும் தாண்டிவிடுவார்கள், தாண்டக் கூடாது. இந்த ஆணை எங்கே பிறந்தது, எத்தனை நாள் ஊர்ந்தது என்ற வரலாறு அந்தத் தேதிகளில்தான் இருக்கிறது. செலவு இருக்கிற ஆணை என்றால் கடைசிப் பத்தியில் ஒரு வரி வரும்: நிதித்துறையின் இசைவு பெற்று வெளியிடப்படுகிறது என்று, அந்தத் துறையின் குறிப்பு எண்ணோடும் நாளோடும். அந்த ஒரு வரி கிடைக்காமல் படுத்துக் கிடக்கும் நல்ல திட்டங்கள் உண்டு. கீழே 'ஆளுநரின் ஆணைப்படி', செயலாளர் பெயர். அதற்கும் கீழே 'பெறுநர்', 'நகல்', 'ஆணைப்படி அனுப்பப்படுகிறது', ஒரு பிரிவு அலுவலரின் கையெழுத்து.

அவள் கணக்குக்காரி. பெறுநர் பட்டியலில் விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தாள். ஆணையர், இயக்குநர், கருவூலம், அனைத்து மாவட்ட ஆட்சித் தலைவர்கள். அங்கே விரல் நின்றது. "சித்தி, இதோட லிஸ்ட் முடிஞ்சிருச்சே. இதுக்கப்புறம் ஏற்காட்டுல இருக்கிற அந்த அம்மாகிட்ட இதை யார் கொண்டுபோய்ச் சொல்லுவாங்க?"

ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கும். மனு எழுதிக் கொடுப்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, யார் எங்கிருந்து வருகிறார்கள், எந்த ஆணையைப் பற்றித் தெரியாமல் வருகிறார்கள் என்று குறித்துக்கொள்ள ஒரு நோட்டு வாங்கியிருக்கிறாள். வருகிற திங்கள் காலை ஒன்பது மணிக்கெல்லாம் கிளம்பிவிடுகிறோம்.